மேலெழுதிய எண்

ட்ரியெஸ்டேயில் பொரா காற்று வீசும் நாள்களில்
எங்கள் அலுவலகச் சன்னல் தனக்குத்தானே பேசும்.
அப்படியொரு காலையில்தான்
ஃபெர்ருச்சோவின் கோப்பு என்னிடம் வந்தது.
ஐந்து மாடிப் பழைய வீடு,
படிக்கட்டின் நடுவே புதிதாய் ஒரு கண்ணாடி லிஃப்ட்.
அவர் வேலையை விட்டு உதினே போய்ப் பத்து நாள்.
நாற்காலியில் அவர் குளிர்ச்சட்டை
இன்னும் தோள் சரியாமல் உட்கார்ந்திருந்தது.

கோடுகள் சுத்தம். சுவர் சிவப்பு, இரும்பு நீலம்,
அளவுகள் வெளிறிய பச்சை.
லிஃப்ட் கூண்டின் அகலத்தில் சுட்டியை வைத்தேன்.
எழுதியிருப்பது 1170.
கோட்டின் நீளம் 1186.

அளவுக்கோட்டுக்குப் பொய் தெரியாது.
இரண்டு நுனிகளைக் கொடுத்தால்
இடையில் இருப்பதைச் சொல்லும், அவ்வளவுதான்.
ஆனால் அதன் வாயில் நாம் ஒரு சொல்லைத் திணிக்கலாம்.
பண்புகள் பட்டியலில்
வெற்றாய் இருக்க வேண்டிய ஒரு கட்டம்.
அங்கே ஓர் எண்ணைத் தட்டிவிட்டால்
பிறகு கோட்டை எங்கே இழுத்தாலும்
எண் அசையாது,
கடன்காரன் கதவைத் தட்டும்போது
உள்ளே மூச்சடக்கி நிற்பவன்போல.

தேடினேன். ஒன்றல்ல, பதினேழு.
பதினாறு மில்லிமீட்டர் ஒன்றும் பூசணிக்காய் அல்ல,
சோற்றுக்குள் சுலபமாய் மறையும்.
எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!
இருபது ஆண்டு அனுபவம்,
ஒரு கோட்டை நகர்த்தச் சோம்பல்.
பதினேழு கட்டங்களையும் காலியாக்கினேன்,
ஒவ்வொன்றாய், ஈரு உருவுவதுபோல.
எண்கள் தத்தம் கோடுகளிடம் திரும்பி வந்தன.
1186. 1186. 1186.
நூல் பிசகவில்லை.
காப்பி குடித்தேன். கையெழுத்திட்டேன்.

மொன்ஃபால்கோனேயிலிருந்து கண்ணாடி வர ஐந்து வாரம்.
பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டியது.
ஆறு பேர் தூக்கி வந்தார்கள்,
காற்று அதைப் பாய் என்று நினைத்துக்கொண்டது.
ஸ்டோயான் கூண்டின் வாயில் அதை நிறுத்திப் பார்த்தார்.
இறக்கினார். மறுபடி நிறுத்தினார்.
திட்டவில்லை. அதுதான் வயிற்றைக் கலக்கியது.
நாடாவைச் சுவரிலிருந்து சுவருக்கு இழுத்து
என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.
1170.
மூன்றாம் மாடியிலும் 1170.
நான்காம் மாடியில் மட்டும் 1169.

நான் மீட்டெடுத்தது மெய்தான்,
கோட்டைப் பற்றிய மெய்.
யாரோ எப்போதோ பழைய தாளைப் பார்த்து
இழுத்த கோடு அது.
சுவரை அது கண்டதே இல்லை.
கண்டவர் ஃபெர்ருச்சோ.
நாடாவோடு ஐந்து மாடி ஏறி
சுவர் சொன்னதைக் கேட்டு வந்து
கோட்டின் வாயில் வைத்திருக்கிறார்.
நான் அதைத் துடைத்துவிட்டேன்.

மாலையில் தொலைபேசினேன்.
மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம்.
"அதுவா? கடைசி நாள், வெள்ளிக்கிழமை.
எண் சரியாக இருந்தால் போதும் என்று விட்டேன்."
ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாமே என்றேன்.
"எழுத நினைத்தேன்" என்றார்.
தண்ணீர் நின்றது.
"நீவெஸ், என் குளிர்ச்சட்டை அங்கேதானே இருக்கிறது?"
இருக்கிறது என்றேன்.
அவரைப் பொய்யர் என்று ஐந்து வாரம் நம்பியதை
சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு கோப்பைத் திறந்தேன்.
எந்தக் கட்டத்திலும் எதையும் எழுதவில்லை.
வலதுபக்கச் சுவரைப் பிடித்து
பதினாறு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன்.
பச்சை எண் ஒருமுறை கண்சிமிட்டி
தானாகவே 1170 ஆனது.
நான்காம் மாடிக்குத் தனிப் படம்,
அந்த ஒற்றை மில்லிமீட்டருக்காக.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
யார் அளந்தது, எந்த நாள், எந்த நாடா.

கண்ணாடிகளின் விலையை
முதலாளி இன்னும் என்னிடம் சொல்லவில்லை.
அவற்றில் ஒன்றுக்கு நான்கு கால் வைத்து
கூட்ட மேசை ஆக்கியிருக்கிறார்கள்.
காப்பிக் கோப்பை வைத்தால் அடியில் முழங்கால் தெரியும்.
அகலம் 1180.
எப்போது அளந்தாலும் சரியாக இருக்கிறது.